‘நிக்கச்சொல்ல’ என்றால் யாரும் எதுவும் சொல்லவில்லை

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் எதிரே மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவள் நான். என் வீட்டுக்காரர் இருந்தவரை அவர் டைப் அடிப்பார், நான் கார்பன் தாள் வைத்துக் கொடுத்துப் பிழை பார்ப்பேன். அவர் போனபிறகு அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். 19 வருஷம் ஆகிறது. திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் காலை ஏழு மணிக்கே ஆட்கள் வந்து நிற்பார்கள். 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமானபிறகு கூட்டம் கொஞ்சம் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் அரக்கோணத்துத் தமிழும் ஜோலார்பேட்டைத் தமிழும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போடும். அந்த அழகு இப்போது இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் பேப்பரில் வந்த இரண்டு விஷயங்களைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். ஒன்று, ஆறாம் பக்கத்துத் தலையங்கம். இந்தியை எங்கள் தலையில் கட்டாதே, ஒரு மொழியை உயர்த்தி இன்னொன்றைத் தாழ்த்தாதே என்று காரசாரமாக எழுதியிருந்தீர்கள். இரண்டு முறை படித்தேன், நன்றாக இருந்தது. இன்னொன்று, வார இணைப்பில் வந்த சிரிப்புத் துணுக்கு. ஒரு பிக்பாக்கெட்காரன் ஜட்ஜைப் பார்த்து, “இன்னா நைனா, இம்மாம் பெரிய சேர்ல குந்தினுகீற” என்கிறான். ஜட்ஜ் அழகான எழுத்துத் தமிழில் பதில் சொல்கிறார். அவ்வளவுதான் துணுக்கு. சிரிக்க அதில் வேறு ஒன்றும் இல்லை. அவன் பேசுவதுதான் சிரிப்பு.

அவன் பேசியது என் தமிழ், ஐயா. எங்கள் அம்மா அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்ட தமிழ். எங்கள் வீட்டில் யாரும் பிக்பாக்கெட் அடித்ததில்லை.

கோபமாக எழுதவேண்டும் என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இரண்டு நாள் யோசித்ததில் என் மேலேயும் தப்பு இருப்பது தெரிந்தது. அதையும் சொல்கிறேன். முதலில் ஒரு கதை. கதை இல்லை, நடந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அணைக்கட்டுப் பக்கத்து ஊர் ஒன்றில் இரண்டு குடும்பத்துக்குள் தண்ணீர்ப் பாய்ச்சலில் சண்டை. கல் வீசியதில் ஒருவருக்கு மண்டை உடைந்தது. அவர் மகன், 22 வயசுப் பையன், ஸ்டேஷனுக்கு ஓடிப்போய் வாய்மொழியாகப் புகார் கொடுத்தான். அவன் சொன்னது இது: “எங்க மாமா வாசல்ல நிக்கச்சொல்ல அவன் கல்லெட்த்து அட்ச்சான். எங்கப்பா தலையில பட்டுச்சி.” எழுதிக்கொண்டவர் தென்மாவட்டத்துக்காரர், இந்தப் பக்கம் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவர் காதில் விழுந்ததைத் திருத்தமான தமிழில் எழுதினார்: “என் தாய்மாமன் வாசலில் நிற்கச் சொல்ல, எதிரி கல்லை எடுத்து அடித்தார்.”

புரிகிறதா ஐயா? எங்கள் பக்கத்தில் ‘நிக்கச்சொல்ல’ என்றால் நிற்கும்போது. ‘வரச்சொல்ல’ என்றால் வரும்போது. ‘நான் பஸ்ல போகச்சொல்ல மழை புட்ச்சிகிச்சி’ என்றால் நான் பஸ்ஸில் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. யாரும் மழையைப் போகச் சொல்லவில்லை. மாமா வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்தவர். காகிதத்தில் அவர், மச்சானை வாசலில் நிற்கச் சொல்லி வைத்து, கல்லடிக்கத் தோதாக ஏற்பாடு செய்து கொடுத்தவர் ஆகிவிட்டார். சொந்த அக்கா புருஷன் மண்டையை உடைக்க உடந்தை.

புகார் நகலை எடுத்துக்கொண்டு அந்த மாமா என் மேசைக்கு வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, மகள் படித்துக் காட்டியிருக்கிறாள். “நான் எப்பம்மா நிக்கச் சொன்னேன்? நான் நின்னுகினு இருந்தேன், அவ்ளோதான்” என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அவருக்குப் போலீஸ் பயத்தைவிட வேறொரு வேதனை. அக்கா பேசுவதை நிறுத்திவிட்டாள். அக்காவுக்குத் தெரியாதா நிக்கச்சொல்ல என்றால் என்னவென்று? வீட்டில் தினமும் அவள் வாயில் வரும் சொல்தான். ஆனால் “பேப்பர்ல எழுதிகீதே” என்றாளாம். தன் பிள்ளை வாயால் சொன்னது என்ன என்பதைவிடக் காகிதத்தில் ஏறியது பெரிதாகிவிட்டது அவளுக்கு.

நான் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். அதில் நான் எழுதிய வரி இன்னும் மனப்பாடம்: “எங்கள் வட்டாரத்தில் ‘நிக்கச்சொல்ல’ என்பது ‘நிற்கும்போது’ எனப் பொருள்படும். மேற்படி சம்பவத்தில் யாரும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.” மூன்று நடை நடந்தார். மூன்றாவது முறை அங்கே இருந்த அதிகாரி செய்யாறு பக்கத்துக்காரராம். மனுவைப் படித்ததும் வாய்விட்டுச் சிரித்து, “அட ஆமா, எங்க ஆயாவும் இப்படித்தான் பேசும்” என்று சொல்லித் திருத்தச் சொன்னாராம். இந்தச் சொன்னாராம் நிஜமாகவே சொன்னது.

இதில் யாரைக் குறை சொல்வது? தெற்கேயிருந்து வந்தவருக்கு எங்கள் பேச்சு தெரியாதது குற்றமில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் பழகிவிடும். என் கேள்வி, அவர் ஏன் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை என்பது. “நிக்கச்சொல்லன்னா என்னப்பா?” என்று கேட்டிருந்தால் முடிந்தது. அவருக்கு அது தெரியாத சொல் என்றே தோன்றவில்லை. கொச்சையாகத் தெரிந்திருக்கிறது. கொச்சையை யாரும் பொருள் கேட்பதில்லை, திருத்துவார்கள்.

கொல்லை விஷயமும் இப்படித்தான். எங்கள் பக்கத்தில் ஏரிப் பாசன நெல் நிலம் கழனி. மானாவாரியாக மல்லாட்டையும் (வேர்க்கடலை) கேவுரும் (கேழ்வரகு) போடும் மேட்டு நிலம் கொல்லை. ஒடுகத்தூர் பக்கத்து அம்மா ஒருத்தர், பக்கத்துக் கொல்லைக்காரன் வரப்பைக் கழித்துக் கழித்து ஒன்றரை சென்ட் தின்றுவிட்டான் என்று வந்தார். நானும் கொல்லை என்றே எழுதிக் கொடுத்தேன். தஞ்சாவூர்ப் பக்கம் கொல்லை என்றால் வீட்டுக்குப் பின்புறமாம். மனு வேறு பிரிவுக்குப் போய், நத்தம் வீட்டுமனையில் அப்படி ஆக்கிரமிப்பு ஏதும் இல்லை என்று நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதற்குள் இன்னொரு மல்லாட்டை போட்டு எடுத்துவிட்டான் அவன். அணைக்கட்டுப் பக்கம் மலைமேல் ஜார்தான்கொல்லை என்று ஒரு ஊராட்சியே இருக்கிறது. அது யார் வீட்டுப் பின்புறம்?

பென்ஷன் மனுவுக்காக வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். பழைய பாட்டில் முல்லை நிலத்துக் கொல்லை என்று வருவது உங்கள் மல்லாட்டைக் கொல்லைதான், வீட்டுப் பின்புறம் இல்லை என்றார். குறுந்தொகையில் கழனி மாமரத்துப் பழம் விழுவதைப் பற்றிப் பாட்டே இருக்கிறதாம். தொல்காப்பியம் ஊருக்கு ஊர் வழங்கும் சொல்லுக்குத் திசைச்சொல் என்று பேர் கொடுத்து, இயற்சொல், திரிசொல், வடசொல்லோடு சரிசமமாக உட்கார வைத்திருக்கிறது, பன்னிரண்டு நிலத்துக்கும் தனித்தனிச் சொல் உண்டு என்று சொல்கிறது என்றார். பூழி நாட்டார் நாயை ஞமலி என்பார்கள் என்று உரைக்காரர்கள் எழுதினார்களே தவிர, அவர்கள் தப்பாகப் பேசுகிறார்கள் என்று எழுதவில்லை. அந்தப் பன்னிரண்டில் கடைசியாக வரும் அருவா வடதலை நம்ம பக்கம்தானம்மா என்று சொல்லி மனுவுக்குக் காசு கொடுக்காமல் போய்விட்டார். பரவாயில்லை, இதையெல்லாம் கேட்டதற்கு நானே அவருக்குக் கொடுத்திருக்கலாம்.

கீது என்ற சொல்லுக்கும் ஒரு நியாயம் கேட்கிறேன். இருக்கிறது என்ற சொல்லை மற்ற ஊர்க்காரர்கள் ‘இருக்கு’ என்கிறார்கள். நாங்கள் ‘கீது’ என்கிறோம். அவர்கள் வாலை விட்டார்கள், நாங்கள் தலையை விட்டோம். இரண்டு பேர் வாயிலும் முழுச்சொல் இல்லை. ஆனால் வால் இல்லாதது நல்ல தமிழ், தலை இல்லாதது ரவுடித் தமிழ். ‘வந்துகொண்டு’ என்பது ‘வந்துகிட்டு’ ஆனால் தங்கள் பேப்பரில் பேட்டியில் வரும். ‘வந்துண்டு’ ஆனால் கதையில் வரும். ‘வந்துகினு’ ஆனால் துணுக்கில்தான் வரும். மூன்றும் அதே ‘கொண்டு’தான்.

தெற்கத்திப் பாட்டி பேசினால் மண்வாசனை என்கிறீர்கள். கோவைக்காரர் ‘ங்க’ போட்டால் மரியாதை தெரிந்தவர். கரிசல் பேச்சுக்குக் கி.ரா. ஒரு அகராதியே தொகுத்தார், கொங்குக்குப் பெருமாள்முருகன் தொகுத்தார். அவர்கள் புண்ணியத்தில் அந்தப் பேச்சுகளுக்கு எழுத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது. அது சந்தோஷம்தான். எல்லா மண்ணுக்கும் வாசனை இருக்கும்போது எங்கள் மண்ணுக்கு மட்டும் நாத்தம் எப்படி வந்தது என்றுதான் கேட்கிறேன். சினிமாவில் கத்தி எடுப்பவனும் கள்ளச்சாராயம் விற்பவளும் பேசுவது சென்னைப் பேச்சு என்பார்கள். அந்தச் சென்னைப் பேச்சில் பாதி, பாலாற்றங்கரையிலிருந்து வேலை தேடி ரயிலேறிப் போன எங்கள் ஜனங்களின் வாய்.

என் மகள் கோவையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். போன் பண்ணினால் முதலில், “அம்மா, பக்கத்துல ஆளுங்க இருக்காங்க, கொஞ்சம் நல்லா பேசு” என்பாள். நல்லா பேசு. நான் இருமிவிட்டு, “சரி, எப்படி இருக்கிறாய்” என்பேன். அவள் சிரித்துவிடுவாள். அதற்குப் பிறகு ‘இன்னாடி துன்ன’ என்று கேட்க மனசு வராது.

அவளைச் சொல்லி என்ன. எனக்குக் குடியாத்தத்தில் ஆறாம் வகுப்பில் நடந்தது அவளுக்குக் கோவையில் நடக்கிறது. எங்கள் தமிழ் ஐயா ‘கீது’ சொன்னவர்களை ‘இருக்கிறது’ என்று நூறு முறை எழுதச் சொல்வார். நான் அறுபதாவது எழுதும்போது அம்மா எட்டிப் பார்த்து, “இன்னாடி எழுதிகினுகீற?” என்றாள். என்ன பதில் சொல்வது? அந்த ஐயா அடிக்கடி மு.வ.வை உதாரணம் காட்டுவார். “உங்க ஜில்லாக்காரர்தான், திருப்பத்தூரில் பிறந்தவர், வாலாஜா பக்கம் வேலம்தான் பூர்வீகம், எப்படி எழுதுகிறார் பாருங்கள்” என்பார். மு.வ. எழுத்து எனக்கு இன்றைக்கும் பிடிக்கும், தெளிந்த தண்ணீர் மாதிரி. ஆனால் வேலத்தில் சின்னப்பையனாக இருந்தபோது அவர் வீட்டில் எப்படிச் சோறு கேட்டிருப்பார் என்று அப்போதே யோசித்திருக்கிறேன்.

எங்கள் அப்பா கைத்தறிக்காரர். 1965 ஜனவரியில், அரசியல் சட்டம் வந்து 15 வருஷம் முடிந்து இந்தி மட்டும் ஆட்சிமொழியாகப் போகிறது என்று ஊரே கொதித்தபோது, தறிக்குழியிலிருந்து எழுந்து ஊர்வலத்துக்குப் போனவர். எனக்கு அப்போது ஒரு வயசு. பிற்பாடு அதைச் சொல்லும்போது அவர் மேடைப் பேச்சு பேசமாட்டார். “இந்தி இன்னாத்துக்கு நமக்கு? நம்ம ஊட்ல நாம பேசிகினு கீறோம், அவன் எதுக்கு வந்து குந்தறான்?” என்பார். தமிழுக்காகத் தெருவில் இறங்கியவர்களில் பாதிப் பேர் இந்தத் தமிழில்தான் இந்தியைத் திட்டினார்கள். அப்போது யாரும் அவர்களைத் திருத்தவில்லை.

தங்கள் தலையங்கத்தில் சொன்ன இந்தி விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஒரு பீகார் பையன் வந்தான். கட்டட வேலைக்கு வந்தவன், பையோடு ஆதார் கார்டெல்லாம் தொலைத்துவிட்டான். பக்கத்து ஜெராக்ஸ் கடை பாய்தான் மொழிபெயர்த்தார். தாய்மொழி என்னவென்று பாய் கேட்டதற்கு இந்தி என்றான். நடுவில் ஊரிலிருந்து அவன் அம்மா போன் பண்ணினாள். அவன் பேசியதைக் கேட்டு பாயே முழித்தார். “இது இந்தி இல்லையே?” என்றதற்கு அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு, “போஜ்புரி... தேஹாதி” என்றான். தேஹாதி என்றால் பட்டிக்காட்டுப் பேச்சு என்று பாய் சொன்னார். அந்தப் பையன் முகத்தில் இருந்த சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன். என் மகள் முகத்தில்.

பாய் மகன் செல்போனில் தேடி எனக்குப் படித்துக் காட்டினான். 2011 கணக்கெடுப்பில் இந்தி பேசுவோர் சுமார் 52 கோடியே 80 லட்சம். அதற்குள்ளே போஜ்புரி 5 கோடிக்கு மேல், சத்தீஸ்கரி 1 கோடியே 60 லட்சம், மகஹி 1 கோடியே 20 லட்சத்துக்கு மேல், ராஜஸ்தானி 2 கோடியே 50 லட்சத்துக்கு மேல். எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி இந்தி என்று எழுதியிருக்கிறார்கள். மைதிலிக்காரர்கள் விடாமல் கேட்டு 2003-இல் எட்டாவது அட்டவணையில் தனி இடம் வாங்கி அந்த மூட்டையிலிருந்து வெளியே வந்தார்கள். மற்றவர்கள் எண்ணும்போது இந்திக்காரர்கள், பேசும்போது தேஹாதி.

தமிழ் பேசுவோர் 6 கோடியே 90 லட்சம் என்றது அதே கணக்கு. தங்கள் தலையங்கம் அந்தக் கோடிகள் சார்பாகத்தான் பேசியது. அதில் நானும் ஒருத்தி. வார இணைப்புக்கு வந்தால் நான் பிக்பாக்கெட்.

பாய்க்கும் இந்தக் கதை உண்டு. மேல்விஷாரத்துக்காரர், வீட்டில் தக்கினி உருது. வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’ என்பார்கள். அவர் மகன் படிக்க வடக்கே போனபோது நக்கோ, ஹவ் (ஆமாம்) என்று சொன்னதற்கே அறையில் இருந்தவர்கள் ஒரு வாரம் சிரித்தார்களாம். காட்பாடிப் பக்கத்துத் தெலுங்குக்காரர்களிடம் கேளுங்கள். சித்தூர் போனால் உங்கள் தெலுங்கில் அரவம், அதாவது தமிழ், கலந்திருக்கிறது என்பார்கள், இங்கே வந்தால் கொல்ட்டி என்று கேலி பேசுவார்கள். 1911 வரைக்கும் வட ஆற்காட்டுக்குத் தலைநகரே சித்தூர்தான். பிறகு கோடு போட்டுப் பிரித்தார்கள். திருத்தணிக்காக ம.பொ.சி. போராடி 1960-இல் அது இந்தப் பக்கம் வந்தது. கோடு ஆயிரம் போடலாம். நாயனா என்று தெலுங்கில் கூப்பிட்டது கோட்டைத் தாண்டி நைனா ஆகி எங்கள் வீட்டில் உட்கார்ந்துவிட்டது. கலப்படம் என்பார்கள். சரி, தாசில்தார்? ஜமாபந்தி, வாரிசு, ரத்து, ஜப்தி, பாக்கி, வசூல்? ஆற்காட்டு நவாபு காலத்துக் கச்சேரியில் (அரசு ஆபீஸில்) புழங்கிய சொற்கள்தானே இவையெல்லாம்? நான் தினமும் எழுதுகிறேன். வட்டாட்சியர், வருவாய்த் தீர்வாயம் என்று பலகை வைத்தபிறகும் ஜமாபந்தி என்றால்தான் ஜனத்துக்குப் புரிகிறது. அதிகாரத்தில் இருந்தவன் வாயிலிருந்து விழுந்த அந்நியச் சொல் ஆபீஸ் சொல் ஆகிவிட்டது. அடுப்படியில் விழுந்தது கொச்சை.

பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் காய்கறி விற்கும் அக்கா ஒருவர் எனக்குப் பழக்கம். வங்காளத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்து மாதக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறவர்கள்தான் அவருக்கு வாடிக்கை. “கொதோ டாகா” என்று கேட்டால் சட்டென்று விலை சொல்வார், பேரம் பேசுவார், கோபித்துக்கொள்வார், எல்லாம் வங்காளியில். பள்ளிக்கூடம் போகாதவர். டிவிக்காரர்கள் வந்தால் அவர் வங்காளி பேசுவதைப் படம் பிடித்து ஆச்சரியப்படுவார்கள். அவரிடம் தமிழில் ஒரு கேள்வி கேட்டு, அவர் “இன்னாத்த சொல்றது கண்ணு, யாவாரம் டல்லா கீது” என்றால், கீழே எழுத்தில் ‘வியாபாரம் மந்தமாக உள்ளது’ என்று போடுவார்கள். தமிழுக்குத் தமிழில் மொழிபெயர்ப்பு.

இப்போது என் தப்பு. 19 வருஷமாக நானும் இந்த மொழிபெயர்ப்பைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். “தண்ணி வரல, குழா துருப்புட்ச்சிகீது” என்று சொல்லி அழுதவர் காகிதத்தில் ‘குடிநீர் விநியோகம் தடைபட்டுள்ளதால் பெரிதும் அல்லலுறுகிறோம்’ என்கிறார். படித்துக் காட்டினால் தலையாட்டுவார்கள். சில பேர், “நானா சொன்னேன் இதெல்லாம், நல்லாகீது” என்று சந்தோஷப்படுவார்கள். ஒரு ஆயா மட்டும் ஒருமுறை, “நான் சொன்னது எங்கம்மா இதுல?” என்று கேட்டாள். நான் அவசரத்தில் இருந்தேன். கையெழுத்து இடத்தைக் காட்டி, மையைத் தடவி, கட்டைவிரலை அழுத்தினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பீஞ்சமந்தை மலையிலிருந்து வந்த ஒரு பெண் பேசிய விதத்தைக் கேட்டு நானே சிரித்திருக்கிறேன். அவள் இழுத்து இழுத்துப் பேசினாள், எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. காசு கொடுத்தாள், போனாள். அடுத்த திங்கட்கிழமை மூன்றாவது மரத்தடியில் இருக்கும் இன்னொருவரிடம் உட்கார்ந்திருந்தாள். இன்றுவரைக்கும் என் மேசைக்கு வரவில்லை. ஆகவே துணுக்கு எழுதியவரை மட்டும் நான் திட்டவில்லை.

எழுத்துத் தமிழ் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில்தான் எனக்குச் சோறு. கன்னியாகுமரிக்காரரும் குடியாத்தத்துக்காரியும் ஒரே பேப்பர் படிக்க ஒரு பொதுத் தமிழ் வேண்டும். ஆனால் அது யார் வீட்டுப் பேச்சும் இல்லை என்பதை மறந்துபோய், சில ஊர்ப் பேச்சு அதற்குச் சொந்தம், சில ஊர்ப் பேச்சு அதற்கு விரோதி என்று வைத்துக்கொள்கிறோம். எங்கள் ஊர்ப் பிள்ளை தமிழ் வகுப்பில் முதல் நாளே விரோதியாகப் போய் உட்காருகிறான்.

மாமா விஷயத்துக்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மனுவில் முக்கியமான இடம் எதுவோ அதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே மேற்கோள் போட்டு எழுதி, பக்கத்தில் பொருளை எழுதுகிறேன். ‘கொல்லை’ (புன்செய் நிலம்). ‘வரச்சொல்ல’ (வரும்போது). ‘ஆயா’ (பாட்டி). இந்த ஆயாவை வேலைக்காரம்மா என்று நினைத்து, அவர் பேரில் இருக்கும் நிலம் உனக்கு எப்படி வரும் என்று கேட்டவர்களும் உண்டு. மனு அரைப் பக்கம் நீளுகிறது, அதற்குக் கூடுதல் காசு வாங்குவதில்லை. ஒரு அதிகாரி, “என்னம்மா, அகராதி எழுதறியா?” என்று கேட்டார். எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். பழைய கணக்கு நோட்டு ஒன்றில் கடைசிப் பக்கத்திலிருந்து குறித்துக்கொண்டு வருகிறேன். இதுவரை 340 சொல் சேர்ந்திருக்கிறது.

தங்களிடம் நான் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் ஊர் ஆள் பேட்டி கொடுத்தால் அவர் சொன்னபடி போடுங்கள், அல்லது எல்லா ஊர்க்காரர் பேச்சையும் ஒரே மாதிரி திருத்துங்கள். திருடனுக்கு ஒரு பேச்சு வேண்டுமென்றால் அந்த ஜட்ஜின் தமிழைக் கொடுத்துப் பாருங்கள். நன்றாகத் தமிழ் பேசி ஏமாற்றுகிறவர்களைத்தான் நான் இந்த மரத்தடியில் அதிகம் பார்த்திருக்கிறேன். நிலப் பத்திரம் தொலைத்தவர்களைக் கேட்டால் தெரியும்.

கடிதம் நீண்டுவிட்டது, கை பழக்கம். சுருக்கித்தான் போடுவீர்கள் என்று தெரியும். கொல்லை, காய்கறி அக்கா, என் மகள் விஷயம் எதை வேண்டுமானாலும் எடுத்துவிடுங்கள். மாமா கதையை மட்டும் எடுக்காதீர்கள். அதில் ‘நிக்கச்சொல்ல’ என்ற சொல்லைத் தயவுசெய்து யாரும் திருத்திவிட வேண்டாம். இப்படி எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வாங்கி அக்கா வீட்டுக்கு எடுத்துப் போய், மருமகனை விட்டுப் படிக்கச் சொல்லப்போகிறாராம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மனு எழுதுபவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.